கோர்வைக்கு ஒரு படுக்கை

ஆரணி
11.9.2024

இனியாவுக்கு,

கோர்வை உயிரோடு இருக்கிறது. தும்மல் மட்டும் இருக்கிறது.

என் எண்ணிலிருந்து அடித்தால் உன் போனுக்குப் போவதில்லை. உன் அண்ணன் போனிலிருந்து அடிக்கலாம். அடித்தால் அவர் பக்கத்தில் நிற்பார். நீ கத்துவாய், நானும் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பிழை இருக்கும்.

புட்டா செத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அன்றைக்கு நீ போனில் சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. "நாலு எழுத்து ஒழுங்கா படிச்சிருந்தா முயலுக்குப் பழைய சோறு வெப்பீங்களா அண்ணி?" என்றாய். சோறு வைத்தது நான்தான். வயிறு அடைத்தது.

மிச்சம் இருக்கிற முயலைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். புட்டாவை முருங்கை மரத்தடியில் புதைத்த அன்றே பெட்டியைக் கழுவிப் படுக்கையை மாற்றினேன். அருள்ராஜ் அண்ணன் தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் ஒரு சாக்கு கொண்டுவந்து பரப்பினேன். மெத்தென்று இருந்தது. ஈரத்தையும் இழுத்துக்கொண்டது. நான்காம் நாள் கோர்வை தும்மியது. நேற்று எண்ணினேன். காலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குள் பதின்மூன்று. முன்னங்கால்களின் உள்பக்கம் முடி ஒட்டிக்கொண்டு ஈரமாக இருக்கிறது. மூக்கை அதில்தான் துடைத்துக்கொள்கிறது.

நீ படிக்கிற இடத்தில் யாருக்காவது இதெல்லாம் தெரிந்திருக்கும். கேட்டு எழுது.

தறியில் பச்சைப் பாவு ஓடுகிறது. நீ கிளம்பிய மறுநாள் ஏற்றியது. பச்சை உடல், மஞ்சள் கரை. மூன்றாவது சேலை நடக்கிறது. வேறு விசேஷம் இல்லை. கெங்கம்மாக்கா தினமும் எதிர்வாசலிலிருந்து கேட்கிறாள்: "இன்னா சோத்துக்காரி, இன்னிக்கு முயலுக்கு சாம்பாரா, ரசமா?" தெருவே சிரிக்கிறது.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

புஷ்பலதா


திருநெல்வேலி
19.9.2024

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. மூன்று நாள் பிரிக்கவில்லை. முதல் வரியில் கோர்வை இருக்கும் என்று தெரிந்திருந்தால் பிரித்திருப்பேன்.

மரத்தூளை இன்றே அள்ளிக் கொட்டுங்கள். என் அறையில் இருக்கும் அமலாவின் அக்கா கால்நடை மருத்துவம் படிக்கிறாள். போனில் கேட்டோம். மரத்தூளின் பொடி மூக்குக்குள் போகும். அதைவிட, பெட்டி செய்கிற பைன் மரத்தின் வாசனையே முயலின் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் ஆகாதாம். நமக்கு நல்ல வாசனை. அதற்கு விஷம்.

பதின்மூன்று என்று எண்ணியிருக்கிறீர்கள். எண்ணுகிறவர் எப்படிச் சோறு வைத்தார் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். யோசித்தால் கோபம் தீர்ந்துவிடும்போல் இருந்தது. இங்கே என்னிடம் கெட்டியாக இருப்பது அது ஒன்றுதான்.

ஒன்று புரியவில்லை. புட்டா சோறு தின்று செத்தது என்றால் படுக்கையை ஏன் மாற்றினீர்கள்? கிளம்புவதற்கு முதல் நாள் நானே பெட்டி நிறையக் கழிவுப் பட்டு நூல் பரப்பிவிட்டு வந்தேன். அதில் என்ன குறை? பொடி கிடையாது. வாசனை கிடையாது. அப்போது நீங்கள் வைக்கோல் போடலாம் என்றீர்கள். "பட்டு நெய்யற வூட்டுல வைக்கோலா? இது இன்னா மாடா?" என்று நான் சிரித்தேன். இப்போதும் அதையே சொல்கிறேன். கழிவுப் பட்டையே திரும்பப் போடுங்கள்.

கோர்வையின் முதுகில் வெள்ளை முடிந்து கறுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேருகிற இடம் மாதிரி. அதன்மேல் விரலால் தடவினால் கண்ணை மூடும். முடிந்தால் செய்யுங்கள்.

இனியா


ஆரணி
21.10.2024

இனியாவுக்கு,

தும்மல் நின்றுவிட்டது. உன் கடிதம் வந்த அன்று மரத்தூளை அள்ளினேன். மறுநாள் ஒன்பது தும்மல். அதற்கடுத்த நாள் நான்கு. ஒரு வாரத்தில் இல்லை. முன்னங்கால் முடி காய்ந்துவிட்டது. மூக்கு சீக்கிரம் மன்னித்துவிடுகிறது.

ஒரு மாதம் எழுதவில்லை. கோர்வையின் கால் தேறாமல் எழுத மனம் வரவில்லை. கால் எப்படிப் புண்ணானது என்று கேட்பாய். சொல்கிறேன்.

பட்டு போடமாட்டேன். ஏன் என்று கேட்காதே.

முதலில் செய்தித்தாள் போட்டேன். அன்றைக்கே தலைப்புச் செய்தியைத் தின்றுவிட்டது. மிச்சம் நனைந்து கூழாகி, வாடை என் கண்ணிலேயே எரிந்தது. எனக்கே எரிந்தால், தரையோடு மூக்கை வைத்திருக்கிற அதற்கு எப்படி இருக்கும்? பிறகு உன் அண்ணன் யோசனை. "கம்பி வலை அடிச்சுடு புஷ்பா. எல்லாம் கீழ வுழுந்துடும். உனக்கும் பேஜார் இல்ல." புதுக் கூண்டு. ஆறு நாள் கண்ணாடி மாதிரி சுத்தம். ஏழாம் நாள் கோர்வை நகரவில்லை. சாப்பிடுகிறது, நகரவில்லை. தூக்கிப் புரட்டிப் பார்த்தேன். பின்னங்கால்களின் அடியில் முடி தேய்ந்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு.

முயல் பின்னங்கால்மேல் உட்கார்ந்தே வாழ்கிறது. தறி வீட்டில் இருந்துகொண்டு இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். உன் அண்ணன் தறிப் பலகைமேல் போர்வையை மடித்துப் போடாமல் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறாரா?

அதனால் தேசூரிலிருந்து என் தம்பி பாலமுருகனை ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவரச் சொன்னேன். பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். உன் அண்ணன் வாசலில் நின்று கத்தினார். "இன்னாது இது? ஒரு துரும்பு பறந்து பாவுல வுழுந்தா இழை அறுந்துகினே கெடக்கும். யாரு கட்டறது?" நான் கட்டுகிறேன் என்றேன். "மச்சான், அக்காவுக்கு சீர் வரிசை பாக்கி இருந்துது, அதான்" என்றான் பாலமுருகன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு கத்த முடியவில்லை. பின்கட்டில் வைத்துக்கொள், கதவைச் சாத்தி வை என்றார்.

பழைய மரப்பெட்டியைத் திரும்ப எடுத்தேன். அடியில் அட்டை. மேலே ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல். கோர்வை உள்ளே போய் ஒரு சுற்று சுற்றியது. குழி பறித்தது. உட்கார்ந்தது. பிறகு தன் படுக்கையைத் தின்ன ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று முன்தினம் பயந்துவிட்டேன். இரண்டு புழுக்கை ஒன்றோடு ஒன்று கோர்த்த மாதிரி வந்திருந்தது. நடுவில் ஒரு இழை. அரக்கு. பெட்டியைக் கழுவியும் ஆணி இடுக்கில் மிச்சம் சிக்கியிருந்திருக்கிறது. புட்டாவுக்கும் முதல் நாள் இப்படித்தான். சரி, அது கிடக்கட்டும். கோர்வைக்குத் தண்ணீர் காட்டினேன். வேறு எதுவும் கொடுக்காமல் வைக்கோல் மட்டும். நேற்று ஒன்றும் வரவில்லை. இன்று காலை தனித்தனியாக, உருண்டையாக, முப்பத்தாறு.

ஆணி இடுக்கை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டேன்.

கோடு இருக்கும் இடத்தில் தடவினேன். கண்ணை மூடியது.

புஷ்பலதா


திருநெல்வேலி
28.10.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அமலா படித்தாள். அவள் அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். அக்கா கேட்டாளாம்: "யாருடி இவங்க? எந்தக் காலேஜ்ல படிச்சாங்க?" என் அண்ணி என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கால் புண்ணுக்கு நீங்கள் செய்ததுதான் வைத்தியமாம். மெத்தென்ற, காய்ந்த, தினம் மாற்றுகிற படுக்கை. அது போதும். தின்றாலும் கெடுதல் இல்லாத படுக்கையே முயலுக்கு நல்ல படுக்கை என்றாள். அதைத் தின்னாமல் அது இருக்காதாம்.

இப்போது என் கேள்வி.

நான் படிப்பது வரலாறு. இங்கே எங்களுக்குச் சொல்லித்தருவது ஒன்றுதான். ஒருவர் சொன்னதை நம்பாதே, அவர் சொல்லாமல் விட்ட இடத்தைப் பார். உங்கள் கடிதத்தில் ஒரு இடம் இருக்கிறது. "புட்டாவுக்கும் முதல் நாள் இப்படித்தான். சரி, அது கிடக்கட்டும்."

எப்படி?

சோறு தின்ற முயலின் புழுக்கையில் நூல் எங்கிருந்து வரும்?

இனியா


ஆரணி
4.11.2024

இனியாவுக்கு,

கோர்வையின் காலில் முடி முளைக்கிறது. பொடிப் பொடியாக.

உன் உறையைக் கெங்கம்மாக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ராட்டையில் இருக்கும் நேரத்தில் தபால்காரர் வருகிறார். எல்லாவற்றையும் அவள் வீட்டில்தான் கொடுக்கிறார். "இன்னா எழுதிகிறா உன் நாத்தனா? இன்னும் திட்டிகினுதான் இருக்காளா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நீ கேட்டதற்குப் பதில். நூல்தான். சோறு என்று சொன்னது பொய். புட்டா படுக்கையை மென்று நூலை விழுங்கியிருக்கிறது. முதல் நாள் புழுக்கைகள் மணி மாதிரி கோர்த்து வந்தன. மறுநாள் வரவே இல்லை. வயிறு இறுகிவிட்டது. ஒயர் கூடையில் துணி விரித்து கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "முயலுக்கு வாந்தி எடுக்கத் தெரியாதும்மா. உள்ள போனது அந்தப் பக்கமாத்தான் வந்தாகணும். நூலு வழியை அடைச்சிகினு இருக்குது" என்றார். ஊசி போட்டார். திரும்பும் வழியில் கூடை கனத்தது. உயிர் போனபிறகு கனம் கூடுமா என்று தெரியவில்லை. எனக்குக் கூடியது.

ஆனால் அந்த நூல் நீ போட்டது இல்லை. நீ போட்டதை ஆடி மாதத்திலேயே எடுத்துவிட்டேன். அழுக்காகிவிட்டது. அதற்குப் பதிலாக நான் ராட்டையில் தார் சுற்றி மிச்சமான பட்டுக் கழிவை எடுத்துப் போட்டேன். போட்டது நான். பார்க்காமல் விட்டதும் நான். சோறு என்றால் ஒரு வார்த்தையில் முடியும் என்று அப்படிச் சொல்லிவிட்டேன்.

இத்தோடு இதை விடு. படிப்பைப் பார்.

புஷ்பலதா


திருநெல்வேலி
9.11.2024

அண்ணி,

ஆடி மாதத்தில் நம் வீட்டில் அரக்கு நூல் கிடையாது.

அரக்குப் பாவு ஜூன் பதினைந்தாம் தேதி அறுத்தது. அதற்குக் குறுக்கே ஓடும் ஊடையும் அரக்கு. ஊடைக்கான தார் முழுக்க ராட்டையில் நான் சுற்றினேன். விரல் மடிப்பில் ஒரு வாரம் அந்தச் சாயம் போகவில்லை. மிச்சமான கழிவை ஒரு பையில் சேர்த்து, இருபத்துமூன்றாம் தேதி பெட்டியில் பரப்பினேன். இருபத்துநான்காம் தேதி பஸ் ஏறினேன். மறுநாள் தறியில் பச்சை ஏற்றினீர்கள். பச்சை உடல், மஞ்சள் கரை. இது நீங்கள் எழுதியது. முதல் கடிதம்.

ஆடியில் நீங்கள் போட்டிருந்தால் ஆணி இடுக்கில் பச்சை இருக்க வேண்டும். மஞ்சள் இருக்க வேண்டும்.

அரக்கு இருந்தது.

இதுவும் நீங்கள் எழுதியது. கோர்வைக்குப் பயந்த அவசரத்தில் உண்மை நிறத்தை எழுதிவிட்டீர்கள். நூலின் நிறத்தைப் பற்றிப் பொய் எழுத உங்கள் கைக்கு வராது.

நான்தான் கொன்றேன். பட்டுமேல் தூங்குகிற முயல் என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

நான்கு எழுத்து படித்தவள் நான். வைக்கோல் போடலாம் என்றவர் நீங்கள்.

மூன்று மாதமாகத் தெருவே உங்களைச் சோத்துக்காரி என்கிறது. அண்ணன்கூட உங்களைத் திட்டியிருப்பார். ஏன் அண்ணி? எனக்குப் புரியவில்லை. இங்கே உட்கார முடியவில்லை. வகுப்பில் பேசுவது காதில் விழவில்லை. பையை எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் பதில் வந்ததும் கிளம்புகிறேன். வராவிட்டாலும் கிளம்புகிறேன்.

இனியா


ஆரணி
13.11.2024

இனியா,

கிளம்பாதே.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் வை. வைத்துவிட்டு மேலே படி.

ஏன் என்று கேட்டாய். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. போனில் அழுதாய். "இங்க ஒருத்தரும் என்கிட்ட பேசறதில்ல அண்ணி. நான் பேசனா சிரிக்கிறாங்க. இன்னா இன்னான்னு சொல்லிக் காட்டறாங்க. எனக்கு முயலு ரெண்டும் போதும், நான் வந்துடறேன்" என்றாய். அன்றைக்கும் பை கட்டித்தான் வைத்திருந்தாய். ஒரு வாரம் பொறு என்றேன். இரண்டாம் நாள் புட்டா செத்தது.

கூடையோடு வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். நீ போட்ட படுக்கையால் செத்தது என்று தெரிந்தால் நீ அன்றைக்கே பஸ் ஏறுவாய். வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுவாய். பிறகு திரும்பப் போகமாட்டாய். உன்னை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஆனால் என்மேல் கோபம் வந்தால் வரமாட்டாய். இந்த வீட்டில்தானே நான் இருக்கிறேன்? என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அங்கேயே இருப்பாய். கோபம் உன்னை உட்காரவைக்கும். உட்கார்ந்தால் படிப்பாய். படித்தால் யாராவது ஒருத்தி உன்னோடு பேச ஆரம்பிப்பாள்.

அமலா பேச ஆரம்பித்துவிட்டாள், பார்.

உனக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. எனக்காகவும்தான். நான் பன்னிரண்டாவது படிக்க ஆசைப்பட்டேன். தேசூரில் எங்கள் வீட்டில் அந்த வருடம் வேறு மாதிரி போய்விட்டது. யார்மேலும் தப்பில்லை. நீ பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று ராட்டை முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். உன் அண்ணன் பயந்துவிட்டார்.

பட்டு போடும்போது நான் பிடிவாதமாகத் தடுத்திருக்கலாம். நீ சிரித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. பட்டு வீட்டில் வைக்கோல் என்றால் எப்படி என்று நானும் நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் கன்று போட்டால் வைக்கோல். கோழி அடைகாத்தால் வைக்கோல். இடி இடித்தால் நாங்களும் அதற்குள்தான் பதுங்குவோம். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ளாதே.

சோத்துக்காரி பழகிவிட்டது. இதை நமக்குள் வைத்துக்கொள். உன் அண்ணனுக்கும் தெரிய வேண்டாம்.

கோர்வையின் கால் முழுதாக மூடிவிட்டது.

உன் அண்ணி


திருநெல்வேலி
25.11.2024

அண்ணி,

துணியை அலமாரியில் வைத்துவிட்டேன்.

தடுத்து வைத்திருந்த உங்கள் எண்ணைப் போனில் திறந்துவிட்டேன். இருந்தும் எழுதுகிறேன். பேசினால் இதைச் சொல்ல வராது.

கடிதங்களை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். உங்களுடையவை நான்கு. பதின்மூன்று தும்மல், ஒன்பது, நான்கு. முப்பத்தாறு புழுக்கை. கண்ணில் எரிந்தால் மூக்குக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வி. காலைப் புரட்டிப் பார்த்த கை. தறிப் பலகையின் போர்வையையும் முயலின் பாதத்தையும் ஒரே பார்வையில் பார்த்தது. எனக்கு இங்கே பேராசிரியர்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள். இப்படிப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான்.

அதற்கு நடுவே ஒரு பொய். ஒருவரை மூன்று மாதம் ஒரே இடத்தில் உட்காரவைத்த பொய். பழைய சோறு. இவ்வளவு சாதாரணமான ஒன்றை எடுத்து அதற்குள் இவ்வளவு பெரியதை ஒளிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஆறு வருடம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தேன். ராட்டைச் சத்தம் கேட்டிருக்கிறேன். உங்களைக் கேட்டதில்லை.

பன்னிரண்டாவது. தனித்தேர்வராக எழுதலாம். விண்ணப்பம் எங்கே என்று பார்த்துவிட்டேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள். யோசிக்கிறேன் என்று எழுதுங்கள்.

நேற்று விடுதியில் ஒருத்தி நான் 'இன்னா' என்றதும் சிரித்தாள். "இன்னா சிரிப்பு?" என்று கேட்டேன். இன்னும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் அது.

நமக்குள் வைத்துக்கொள் என்றீர்கள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இனியா


ஆரணி
5.12.2024

இனியாவுக்கு,

கோர்வை சாப்பிடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

புயல் மழை. மூன்று நாள் விடவில்லை. நீயும் போன் பண்ணிப் பார்த்திருப்பாய். கரண்ட் இல்லை, போனில் உயிர் இல்லை. பின்கட்டுக் கூரை ஒழுகி வைக்கோல் கட்டு அடிவரை நனைந்துவிட்டது. இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்தேன். நடுவில் சூடு. சாம்பல் நிறத்தில் பூஞ்சை. முகர்ந்தால் எனக்கே இருமல் வந்தது. அதைப் போட்டால் மறுபடி மூக்கு, மறுபடி தும்மல். தின்றால் வயிறு.

கோர்வையை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். தரையெல்லாம் ஈரம். செய்தித்தாள்கூடப் பொதபொதவென்று இருந்தது. வீட்டில் காய்ந்து கிடந்தது ஒன்றே ஒன்றுதான். தறிக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த கழிவுப் பட்டு மூட்டை. பச்சையும் மஞ்சளும். தொட்டால் வெதுவெதுப்பு. உன் அண்ணன் அவிழ்த்துக் கொடுக்கப் போனார். "இத்த போடேன் புஷ்பா, குளுருல நடுங்குது பாரு." வேண்டாம் என்றேன். ஏன் என்றார். கோர்வையை முந்தானையால் மூடினேன். "உனக்கு பட்டுன்னா ஆகாது, தேசூராச்சே" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதியம் வரை. அது எதையும் தின்னவில்லை. முயல் ஒரு நாள் தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும் என்று அமலாவின் அக்கா சொன்னதாக நீ எழுதியதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். புட்டாவிடம் பார்த்தேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். கெங்கம்மாக்கா. தலையில் உரச் சாக்கு, இடுப்பில் ஒரு பெரிய பொதி. அவர்கள் மாட்டுக்கொட்டகையின் பரணிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, முழங்கால் தண்ணீரில் தெருவைக் கடந்து வந்திருக்கிறாள். "இந்தா சோத்துக்காரி. என் மாடு ஒரு நாளு பட்டினி கெடக்கட்டும். இதுக்காச்சும் சோறு போடாத" என்றாள். காய்ந்த வைக்கோல். பொன் மாதிரி.

விரித்தேன். கோர்வை இறங்கி ஒரு சுற்று சுற்றியது. ஒரு வைக்கோல் தாளை இழுத்தது. மெல்ல ஆரம்பித்தது. அந்தச் சத்தம் உனக்குத் தெரியுமே, கரக் கரக் என்று. நானும் கெங்கம்மாக்காவும் எதிரெதிரே குந்திக்கொண்டு கேட்டோம். அவள் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "நல்லாதான் பாத்துக்கற. அன்னிக்கு மட்டும் ஏன் அப்படி புத்தி போச்சு உனக்கு?" என்றாள். திட்டவில்லை இனியா. உண்மையாகவே கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

முதல் முறையாக அந்தப் பொய் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டாவது பற்றி. யோசிக்கிறேன்.

உன் அண்ணி


திருநெல்வேலி
11.12.2024

அண்ணி,

இது தபால் அட்டை. உறை போடவில்லை. தபால்காரர் வழியில் படிக்கட்டும். பிறகு வழக்கம்போல் கெங்கம்மாக்காவிடம் கொடுக்கட்டும். அக்கா சத்தமாகப் படிப்பார். அண்ணன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்கட்டும்.

புட்டா சோறு தின்று சாகவில்லை. புஷ்பலதா அண்ணி அதற்கு ஒரு பருக்கை சோறுகூட வைத்ததில்லை. ஜூன் 23ஆம் தேதி பெட்டியில் கழிவுப் பட்டு போட்டது நான். அரக்கு நிறம். வைக்கோல் போடச் சொன்னது அண்ணி. சிரித்தது நான். செத்தது நூலால். நான் படிப்பை விட்டுவிடக் கூடாது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது அண்ணி.

படிப்பை விடவில்லை. பொங்கலுக்கு வருவேன். திரும்பியும் வருவேன், இங்கே.

கெங்கம்மாக்கா, படித்து முடித்ததும் அட்டையை அண்ணியிடம் கொடுங்கள். கோர்வைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அது காகிதம் தின்னும்.

இனியா